பட்டியலில் பதினோராவது பெயர்

ரெய்க்யவிக்,
29 ஆகஸ்ட் 2019

அன்புள்ள தங்கை தோர்தீஸுக்கு,

அண்ணன் ஸ்டெய்னார் எழுதுகிறேன். நேற்று மாலை நான்கரை மணிக்கு ஹொப்ன் காவல் நிலைய அதிகாரி கியார்தன் தொலைபேசியில் என்னிடம் உறுதிசெய்த செய்தி இது: இம்மாதம் பதினேழாம் தேதி பனியாற்றின் அடிவாரத்தில் கிடைத்த உலோகத் துண்டுகள், 1968 மார்ச் ஒன்பதாம் தேதி எகில்ஸ்டாதிரிலிருந்து தலைநகருக்குக் கிளம்பி வழியில் காணாமல்போன விமானத்தினுடையவை. இருக்கைச் சட்டம் ஒன்றில் பொறித்திருந்த எண்ணை, நிறுவனத்தின் பழைய பராமரிப்பு ஏட்டோடு ஒப்பிட்டு இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இன்று மாலை வானொலியில் சொல்வார்கள். பெர்கனில் இருக்கும் உனக்கு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகிறது.

என்ன கிடைத்தது என்று நீ கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். சுற்றுலாக்காரர்களைப் பனிமேல் நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டி ஒருவர் கண்ணில்தான் முதலில் பட்டிருக்கிறது. இருக்கைச் சட்டங்கள் இரண்டு, நசுங்கிய அலுமினியக் காபிக் கூஜா ஒன்று, நிறுவனத்தின் முத்திரை போட்ட கரண்டிகள், ஒரு பெண்ணின் தோல் கைப்பை. எலும்புகளும் இருக்கின்றன. எத்தனை பேருடையவை என்று இன்னும் சொல்லவில்லை. அந்த இருபத்தோரு பேரில் ஒருவரைக்கூட அப்போது கீழே கொண்டுவர முடியவில்லை. தேடிப்போன விமானம் நான்காம் நாள் மேகத்தின் இடைவெளியில் வாலை மட்டும் பார்த்தது. ஆட்கள் ஏறிப் போவதற்குள் அதையும் பனி மூடிவிட்டது. மேலே மூடியதை ஐம்பத்தோரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவந்து பனியாறு இப்போது கீழே வைத்திருக்கிறது.

நிறுவனத்தின் எண்பதாண்டு வரலாற்றை எழுத என்னை அமர்த்தியிருக்கிறார்கள் என்று போன கிறிஸ்துமஸ் அட்டையில் சொல்லியிருந்தேன். நீ அனுப்பிய பதில் அட்டையில் பெர்கன் மழை பற்றி மட்டும் இருந்தது. புத்தகம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. பயணிகள் சேவைக்கு ஒரு முழு அத்தியாயம். கடலில் இறங்கும் விமானத்துக்குப் படகில் போய் ஏறிய காலம், பெட்டியோடு சேர்த்து ஆளையும் தராசில் நிறுத்திய காலம் எல்லாம் அதில் வருகின்றன. எடையைச் சத்தமாகப் படிக்கக் கூடாது என்று மீன் பதனிடும் பெண்கள் சண்டைபோட்டு ஒரு விதியே வாங்கியிருக்கிறார்கள்; அந்தச் சுற்றறிக்கை எனக்குக் கிடைத்தது. காது அடைக்காமலிருக்கக் கொடுத்த மிட்டாய், காபியோடு வந்த முறுக்கிப் பொரித்த இனிப்பு, வானிலை கெட்ட நாளில் பயணிகள் வீட்டிலேயே இருக்கும்படி வானொலியில் வாசித்த அறிவிப்பு, ஒன்றையும் விடவில்லை. கவுண்டர் பெண்களுக்கு மட்டும் மூன்று பக்கம். பனிமூட்டத்தில் அடைபட்டவர்களின் கோபம், குழந்தைகளின் ஈரத்துணி, மருந்துப் பொட்டலம், பால் கறக்கும் இயந்திரத்தின் உதிரிபாகம் எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுந்தது. உன்னை மனதில் வைத்துத்தான் எழுதினேன்.

வெளிநாட்டு வாசகருக்காக அரைப் பக்கம் நம் பெயர்களை விளக்க வேண்டியிருந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரோடு மகன் அல்லது மகள் என்று ஒட்டிக்கொண்டால் முழுப் பெயர் முடிந்தது, அதனால் ஒரு வட்டாரத்தில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள், தொலைபேசிப் புத்தகத்தில் தொழிலையும் சேர்த்துப் போட்டால்தான் ஆளைப் பிடிக்க முடியும் என்று எழுதினேன். எதற்காக அந்த விளக்கம் தேவைப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

அன்றைய பட்டியலில் பதினோராவது பெயர் ஆஸ்தா பியார்னதோத்திர். பியார்னியின் மகள் ஆஸ்தா. எகில்ஸ்டாதிர் விமான நிலையத்தின் அந்தத் தகரக் கொட்டகையில் அந்தப் பெயரில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தி செய்திஸ்ஃபியோர்தூர் பள்ளி ஆசிரியை. இருக்கை பதிவு செய்தவள். இன்னொருத்தி ஹோல் பண்ணைக்காரி. காத்திருப்போர் வரிசையில் ஐந்தாவது. அவளுடைய பத்து மாதக் குழந்தை லோவா தலைநகர் மருத்துவமனையில் கிடந்தாள். விமானத்தில் ஏறிப் போனவள் பண்ணைக்காரி. கவுண்டரில் இருந்த இருபத்தோரு வயதுப் பெண் பெயரை மட்டும் கூப்பிட்டாள், எந்த ஆஸ்தா என்று கேட்கவில்லை, அதனால் போகவேண்டாதவள் போய்ச் சேர்ந்தாள். இதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை.

உன்னிடம் இதுவரை நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்த விபத்துக்குப் பிறகு பயணிகள் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் பண்ணையையும் எழுத ஒரு கட்டம் சேர்த்தார்கள். கவுண்டர்களில் அதற்கு 'தோர்தீஸ் கட்டம்' என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், தோர்தீஸ் கட்டத்தை நிரப்பினாயா என்றுதான் கேட்பார்களாம். கணினி வந்த பிறகும் பெயர் போகவில்லை. அது யார் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. என் கையெழுத்துப் பிரதியின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இது ஒரு சுவையான தகவலாக இருக்கிறது. போன மாதம் அதைத் தட்டச்சு செய்தபோது நான் ஒரு நிமிடம்கூட நின்று யோசிக்கவில்லை. நேற்றிலிருந்து அந்தப் பக்கத்தை எடுக்க முடியவில்லை.

கைப்பையின் உள்பையில் மடித்த காகிதங்கள் இருப்பதாகக் கியார்தன் சொன்னார். உலர்த்திப் பிரிக்க இரண்டு வாரம் ஆகும். தெரிந்ததும் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் ஒரு வரி போடு.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று சொல்லவும். குளிருக்கு முன் ஜன்னல்களைச் சரிசெய்துகொள்.

உன் நலம் நாடும்,
ஸ்டெய்னார்


ரெய்க்யவிக்,
16 செப்டம்பர் 2019

அன்புள்ள தங்கைக்கு,

உன் அட்டை கிடைத்தது. "எழுத வேண்டாம்" என்ற இரண்டு சொல்லும் தெளிவாக இருந்தன. மீறி எழுதுகிறேன். படித்து முடித்தபின் நீ என்னைத் திட்டலாம். அதற்கு முன்னால் திட்டாதே.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நிறுவனத்தின் ஆவண அறையில், அதன் பொறுப்பாளர் ஸ்வாவாவும் நானும் சேர்ந்து பார்த்து உறுதிசெய்தது: அந்தக் கைப்பை ஹோல் பண்ணை ஆஸ்தாவுடையது. மருத்துவமனையிலிருந்து குழந்தை லோவாவைப் பற்றி வந்த கடிதம் அதில் இருந்தது. அந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருந்த பயணச்சீட்டின் அடிக்கட்டை அவளுடையது அல்ல. அது டீச்சர் ஆஸ்தாவின் சீட்டு.

நடைமுறை என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். காத்திருப்போர் வரிசையில் இருப்பவருக்கு இடம் கிடைத்தால், கவுண்டரில் உன்னிடமிருந்த சீட்டுப் புத்தகத்தில்தான் எழுதிக் கிழித்துக் கொடுப்பாய். முன்பே பதிவு செய்தவர்கள் அவரவர் ஊர்க் கூட்டுறவுக் கடையில் வாங்கியிருப்பார்கள். இரண்டு புத்தகத்துக்கும் வரிசை எண் வேறு. கைப்பையில் இருந்த அடிக்கட்டையின் எண் செய்திஸ்ஃபியோர்தூர் கூட்டுறவுக் கடைப் புத்தகத்தினுடையது. விற்பனை ஏடு இன்னும் இருக்கிறது. மார்ச் நான்காம் தேதி, ஆஸ்தா பியார்னதோத்திர், ஆசிரியை என்று அதில் எழுதியிருக்கிறது.

பெயரைக் கூப்பிட்டால் ஆள் தவறாக எழுந்து வரலாம். அடுத்தவள் பையில் இருக்கும் சீட்டு எழுந்து வராது. யாரோ கொடுத்தால்தான் உண்டு.

ஸ்வாவா நல்ல பெண். இருபது வருடமாக அந்த அறையில் இருக்கிறாள். எண்ணை இரண்டு முறை படித்துவிட்டு, நாற்காலியை எனக்குத் தள்ளி, "உக்காருங்க, தண்ணி கொண்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நீ கிழித்துவைத்த மேல்பகுதிகள் எல்லாம் வழக்கம்போல உறையில் போட்டு அதே விமானத்தில் போயின. ஆகவே உன் பக்கத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் அப்போது தரையில் இல்லை. சரி, போகாமல் நின்றுவிட்ட டீச்சரின் சீட்டு எங்கே? இதை அன்று யாரும் கேட்கவில்லை. அதிகாரிகள் கேட்கவில்லை. எகில்ஸ்டாதிருக்குப் பறந்து வந்து அவளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த இருபத்துநான்கு வயது நிருபனும் கேட்கவில்லை.

டீச்சர் உயிரோடு இருக்கிறாள். எண்பத்தொரு வயது. சனிக்கிழமை காலை விமானத்தில் கிழக்கே போய், அங்கிருந்து காரில் மலையைத் தாண்டி அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். காது மந்தம். நாக்கு அப்படியே இருக்கிறது.

"பத்திரிகைக்காரரே, ரெண்டாவது கேள்வி கேக்க அம்பத்தோரு வருஷமா?" என்றாள்.

உள்ளே கூப்பிட்டுக் காபி ஊற்றினாள். விமானத்தில் இப்போதும் அதே கழுவுநீர்தான் கொடுக்கிறார்களா என்று விசாரித்தாள். அடிக்கட்டையின் படத்தை மேஜையில் வைத்தேன். கண்ணாடி இல்லாமல் பார்த்தாள், பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். கப்பைத் தட்டோடு ஓரமாகத் தள்ளிவைத்தாள். அதன்பின் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அதன் சாரம் இது.

மூன்று நாள் மூட்டத்தில் அடைபட்டிருந்தபோது முதல் நாளே இருவருக்கும் தெரிந்துபோயிற்று, பெயர் ஒன்று என்று. யாருடைய பியார்னி அதிகம் குடிப்பவர் என்று பேசிச் சிரித்திருக்கிறார்கள். டீச்சர் தலைநகருக்குப் போக இருந்தது ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க. மூன்றாம் நாள் வானம் கொஞ்சம் திறந்தது. ஒரே விமானம்தான் போகும் என்று நீ அறிவித்தாய். டீச்சர் தன் இடத்தை வெளிப்படையாக விட்டுக்கொடுத்தால் அது வரிசையில் முதலில் நிற்பவருக்குத்தான் போகும். ஐந்தாவதாக நிற்கும் தாய்க்குப் போகாது. விதி அப்படி; நீ விதியை மீறமாட்டாய் என்று மூன்று நாளில் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் நாட்டில் மட்டும் நடக்கக்கூடிய வழி ஒன்று மிச்சம் இருந்தது. சீட்டைக் கைமாற்றினால் பெயரை அடித்து எழுதக்கூட வேண்டாம்.

யார் முதலில் கேட்டது என்றேன். தொழில் பழக்கம்.

"நான்தான் குடுத்தேன். அவ கேக்கல. கேக்கற பொம்பளை இல்ல அவ. இத மட்டும் சரியா எழுதுங்க."

அடுத்து, ஐம்பத்தோரு வருடம் முன்னால் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். கவுண்டரில் என் தங்கை என்ன செய்தாள்?

"கேட்டா. நல்லாவே கேட்டா. ஆஸ்தா பியார்னதோத்திர்னு கூப்பிட்டுட்டு, இவ கிட்ட வந்ததும் 'எந்த ஊர் ஆஸ்தா நீங்க?'ன்னு கேட்டா. இவ என் ஊர் பேரச் சொல்லி, 'டீச்சர்'னா. சிரிக்காம சொன்னா. நான் பக்கத்துல செவுத்துல ஒட்டியிருந்த கால அட்டவணையப் படிச்சுக்கிட்டு நின்னேன்."

தோர்தீஸ், இந்த வரியைக் கியார்தனுக்கும் ஸ்வாவாவுக்கும் நேற்றே அனுப்பிவிட்டேன். நீ கேட்டாய். கேட்டேனா இல்லையா என்று உனக்கே சந்தேகம் வரும்வரை உன்னைக் கேட்டுக் கேட்டுத் துளைத்தார்கள். நீ கேட்டிருந்தாய். உன்னிடம் பொய் சொன்னார்கள். பொய் சொன்னவள் தன் குழந்தையிடம் போவதற்காகச் சொன்னாள்.

ஏன் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை என்று டீச்சரிடம் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன்னால்தான் அவள் செத்தாள் என்று சொல்ல முதலில் பயமாக இருந்தது என்றாள். பிறகு இப்படிச் சொன்னாள்:

"அப்புறம் நீங்க எழுதிட்டீங்க. அச்சுல வந்ததும் அதான் நடந்ததுன்னு ஆயிடுச்சு. கொஞ்ச வருஷம் நானே அத நம்பினேன்."

1968 மார்ச் பதினோராம் தேதி அவள் என்னிடம் சொன்னது இரண்டே வாக்கியம்: பெயரைக் கூப்பிட்டார்கள், அவள் எழுந்து போனாள். என் பழைய குறிப்பேட்டில் இருக்கிறது. இரண்டும் உண்மை. நடுவில் இருந்த பள்ளத்தை 'கவுண்டரில் நேர்ந்த பெயர்க் குழப்பம்' என்று நிரப்பியவன் நான். மறுநாள் மூன்றாம் பக்கத்தில் வந்தது. உன் பெயரைப் போடவில்லை என்று அப்போது எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. எகில்ஸ்டாதிர் கவுண்டரில் மொத்தம் ஒரே ஒரு பெண்தான் என்பது கிழக்கில் யாருக்குத் தெரியாது?

அம்மாவின் சமையலறையில், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீ கேட்டது என் காதை விட்டுப் போகவில்லை. "ஊரெல்லாம் கேட்டியே அண்ணா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" சொந்தக்காரர்களைப் பேட்டி எடுப்பது முறையல்ல என்று நான் சொன்னேன். முறை என்ற சொல்லை நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஏப்ரலில் நீ கப்பலேறினாய். துறைமுகத்துக்கு நான் வரவில்லை. அன்று எனக்கு நாடாளுமன்றத்தில் வேலை இருந்தது.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. சாப்பிட்டு, தூங்கி, ஒரு நாள் கழித்து இதை மறுபடியும் படி. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
ஸ்டெய்னார்


எகில்ஸ்டாதிர்,
6 அக்டோபர் 2019

அன்புள்ள தோர்தீஸ்,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான் கோபிக்கவில்லை. பக்கத்து வீட்டு நார்வேக்கார அம்மாளை அழைத்து நீ நலமா என்று மட்டும் விசாரித்தேன். தினமும் காலையில் நடக்கப் போகிறாள், யாரோடும் பேசுவதில்லை என்றாள். விசாரித்ததற்காகக் கோபிக்காதே.

நேற்று ஹோல் பண்ணையில் லோவா என்னிடம் நேரில் சொன்னது: காவல்துறையின் ஆய்வகம் அவளிடம் எச்சில் மாதிரி எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. எலும்புகள் குறைந்தது மூன்று பேருடையவை என்றும், கைப்பையை ஒட்டிக் கிடந்தவை ஒரு பெண்ணுடையவை என்றும் அவளுக்கு எழுத்தில் தெரிவித்திருக்கிறார்கள். கடிதத்தை எனக்குக் காட்டினாள்.

அந்தப் பத்து மாதக் குழந்தைக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. கணவனும் அவளுமாக நானூறு ஆடு வைத்திருக்கிறார்கள். நான் போனபோது ஆடுகளைக் காது அடையாளம் பார்த்துப் பிரித்து முடித்துவிட்டு, சேறு காலோடு பட்டி வேலியில் உட்கார்ந்திருந்தாள். டீச்சரின் வாக்குமூலத்தைப் படிக்கக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

சின்ன வயதில் ஊரார் அவளிடம் சொல்லி வளர்த்தது, ஒரு கவுண்டர்காரியின் கவனக்குறைவால் அம்மா போனாள் என்று. அவளுக்கு உன்மேல் வெறுப்பு இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றாள், ஒளிக்காமல். பத்து வயதில் ஒரு பொம்மைக்குத் தோர்தீஸ் என்று பேர் வைத்து ஓடையில் எறிந்தாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"அம்மா தப்பா ஏறல. என்கிட்ட வரத்தான் ஏறியிருக்கா. இது நல்ல சேதியா கெட்ட சேதியான்னு எனக்கு இன்னும் புரியல" என்றாள்.

மருத்துவமனையில் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியது மார்ச் எட்டாம் தேதி. விமானம் கிளம்பியதற்கு முதல் நாள். தொலைபேசிக் கம்பி பனியில் அறுந்து கிடந்ததால் அந்தச் செய்தி எகில்ஸ்டாதிருக்கு வரவில்லை. இதை அவளே எனக்குச் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியுமாம். இதுவரை அது வெறும் தகவலாக இருந்தது. இனி அப்படி இருக்காது. உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்ற நிம்மதியோடு நான் அந்தப் பட்டியை விட்டு வரவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வேறு செய்திகள். டீச்சர் போன வாரம் லோவாவைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள். இருவரும் அதிகம் பேசவில்லையாம். பல் என்னவாயிற்று என்று லோவா கேட்டாளாம். அது இன்னும் வாயில்தான் இருக்கிறது என்றாளாம் டீச்சர்.

என் பழைய பத்திரிகைக்குத் திருத்தம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆசிரியராக இருக்கும் இளைஞன், ஐம்பத்தோரு வருடத்துக்கு முந்தைய செய்திக்கெல்லாம் யார் திருத்தம் போடுவார்கள் என்று முதலில் தயங்கினான். எழுதியவன் உயிரோடு இருக்கும்போது போடுவதுதான் மரியாதை என்றேன். வாசகம் இது: "1968 மார்ச் 12 இதழின் மூன்றாம் பக்கத்தில், எகில்ஸ்டாதிர் கவுண்டரில் நேர்ந்த பெயர்க் குழப்பத்தால் ஒரு பயணி தவறாக ஏற்றப்பட்டார் என்று வெளியான செய்தி பிழையானது. கவுண்டரில் பணியாற்றிய பெண் ஊழியர் தன் கடமையை முறைப்படி செய்தார். செய்தியை எழுதியவர் அவரிடம் விசாரிக்கவில்லை. எழுதியவர் அவருடைய அண்ணன்." கடைசி வாக்கியம் தேவையில்லை என்று அவன் அடித்தான். நான் திரும்ப எழுதிச் சேர்த்தேன்.

புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தையும் மாற்றிவிட்டேன். அந்தக் கட்டம் எப்படி வந்தது என்பதை உள்ளபடி எழுதி, உன் பெயர் வருமிடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பெயரைப் போடலாமா, வேண்டாமா என்பது உன் விருப்பம். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

இப்போது இந்தக் கடிதம் எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். லோவா உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். அவளிடம் அம்மாவின் புகைப்படம் மூன்று இருக்கிறது. பின்னிய கையுறை இருக்கிறது. குரல் இல்லை. அவளை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். டீச்சருக்கோ அந்த மூன்று நாளில் சிரிப்புதான் நினைவிருக்கிறது. வேலியிலிருந்து இறங்கி, என் கார் வரைக்கும் கூடவே வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"தரையில எங்கம்மாகிட்ட கடைசியாப் பேசினது உங்க தங்கச்சிதான். கோவமெல்லாம் இல்லன்னு சொல்லுங்க. அம்மா குரல் எப்படி இருந்துச்சு, மெல்லிசா, கட்டையா, அந்த ஊர் பேர எப்படிச் சொன்னா, அவ்வளவுதான் எனக்கு வேணும். அவங்க வந்து சொன்னா நல்லாயிருக்கும். ஃபோன்ல வேணாம்."

வாரம் ஒரு கப்பல் டென்மார்க்கிலிருந்து செய்திஸ்ஃபியோர்தூருக்கு வருகிறது. நீ விமானத்தில் ஏறமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஏறச் சொல்லவும் மாட்டேன். துறைமுகத்தில் நான் நிற்பேன். இந்த முறை வேறு வேலை எதுவும் இல்லை. உன் மனதுக்கு முடியாது என்றால் வராதே. எனக்காக வராதே. என்னை மன்னிக்கச் சொல்லி இதில் ஒரு வரியும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்துவிட்டேன்.

இன்னும் முடியாமல் இருப்பவை: திருத்தம் வரும் சனிக்கிழமை, பன்னிரண்டாம் தேதி இதழில் வெளியாகும். புத்தகம் நவம்பர் இறுதியில் அச்சுக்குப் போகிறது. ஆய்வகத்தின் முடிவு அக்டோபர் இருபத்துநான்காம் தேதிக்குள் வரும் என்று கியார்தன் சொல்லியிருக்கிறார். அது ஆஸ்தாதான் என்று உறுதியானால், நவம்பர் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஹோல் பண்ணைத் தேவாலயத்தில் அடக்கம். அதற்கு நேரத்தோடு வந்து சேரும் கடைசிக் கப்பல் அந்த வாரம் செவ்வாய்க்கிழமை கரையேறுகிறது.

உன் பதில் எப்போது வரும் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதற்குத் தேதி கேட்க எனக்கு உரிமையும் இல்லை. கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும், தங்கச்சி.

ஸ்டெய்னார்